சோர்ஸ் கோடே இல்லாம டயாப்ளோ எப்படி வீட்டாவுக்கு வந்துச்சு? கேள்வி பதில்

பிளிஸார்ட் 1996 கடைசில விட்ட டயாப்ளோ விண்டோஸ் 95 காலத்து பிசி கேம். அது இப்ப பிஎஸ் வீட்டா, நின்டெண்டோ 3டிஎஸ் மாதிரி கைல வச்சு ஆடுற மெஷின்லயும் ஓடுது. ஆனா கம்பெனி சோர்ஸ் கோட, அதாவது ப்ரோக்ராமர் கைப்பட எழுதின மூலக் கோட, வெளிய விடவே இல்ல. இதப் பத்தி கேக்குறவங்க எல்லாருக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்றேன், கேளுங்க.

கே: அண்ணா, இது எமுலேட்டர் தானே?

இல்லப்பா, எமுலேட்டர்னா பழைய மெஷின் மாதிரி நடிச்சு கேம அப்படியே ஓட்டறது. இது வேற. டெவிலூஷன்னு ஒரு ப்ராஜெக்ட் 2018ல வெளிவந்துச்சு, அதுல கேமோட ஒரிஜினல் எக்ஸி ஃபைல டிஸ்அசெம்பிள் பண்ணி, அதாவது மெஷின் கோட மனுஷன் படிக்கற அசெம்பிளி வரியா மாத்தி, ஒவ்வொரு ஃபங்ஷனா (கோடோட ஒரு துண்டு) சி கோடா திருப்பி எழுதியிருக்காங்க. அது விண்டோஸுக்கு மட்டும். அதுலேர்ந்து வந்த டெவிலூஷன்எக்ஸ், விண்டோஸோட படம், சவுண்டு லைப்ரரியான டைரக்ட்எக்ஸ தூக்கிட்டு, பல மெஷின்ல ஓடுற எஸ்டிஎல் லைப்ரரிய போட்டுச்சு, அதுக்கப்புறம் தான் எல்லா மெஷினுக்கும் வழி திறந்துச்சு.

ஒரு பெரிய அதிர்ஷ்டமும் இருந்துச்சு. ஜப்பான்ல வந்த ப்ளேஸ்டேஷன் டயாப்ளோ டிஸ்க்ல சிம்பல் ஃபைல அப்படியே விட்டுட்டாங்க, அதாவது ஃபங்ஷன் பேரு, வேரியபிள் பேரு எல்லாம் அதுல இருக்கு. பத்தாததுக்கு பிசி சிடிலயே ஒரு டீபக் பில்டு (தப்பு கண்டுபிடிக்க ப்ரோக்ராமர் வச்சுக்கற வெர்ஷன்) ஒளிஞ்சிருந்துச்சு, அதுல இருந்த அசெர்ட் மெசேஜ் (எதாவது தப்பானா காட்டற எச்சரிக்கை வரி) எல்லாம் பொக்கிஷம். இந்த ரெண்டும் இல்லேன்னா பேரில்லாத ஆயிரக்கணக்கான ஃபங்ஷன வச்சுக்கிட்டு முழி பிதுங்கியிருக்கும்.

கே: எழுதின கோட பழைய விஷுவல் சி++ல கம்பைல் பண்ணி (மெஷின் கோடா மாத்தி) ஒரிஜினலோட பைட்டு பைட்டா ஒப்பிட்டாங்களாமே, ஏன் இந்தப் பிடிவாதம்? ஓடினா போதாதா?

இது தான் இருக்கறதுலயே நல்ல கேள்வி. டயாப்ளோல டஞ்சன் (பாதாள அறைகளோட மேப்) எங்கயும் சேவ் ஆகி வர்றதில்ல, ஒரு சீடு நம்பர, அதாவது ரேண்டம் கணக்கு தொடங்குற எண்ண, வச்சு ரேண்டமா கட்டுறது தான். அதே சீடு குடுத்தா அதே டஞ்சன் தான் வரும். மல்டிபிளேயர்ல அந்த சீடு மட்டும் பகிர்ந்துக்கிட்டு ரெண்டு மெஷினும் தனித்தனியா கட்டிக்கும். ஐட்டமும் அதே கதை தான், மல்டிபிளேயர் சேவ்ல உங்க வாளோட டேமேஜ முழுசா எழுதி வைக்காம சீடும் கொஞ்சம் குறிப்பும் மட்டும் வச்சுக்கிட்டு லோட் பண்ணும்போது மறுபடியும் அந்த வாள செஞ்சு குடுக்கும்.

இப்ப யோசிங்க, ரேண்டம் ஃபங்ஷன கூப்பிடுற வரிசை ஒரே ஒரு இடத்துல மாறினா கூட அதுக்கப்புறம் வர்றதெல்லாம் மாறிடும். ஒரு ஃபங்ஷனுக்கு ரெண்டு ஆர்க்யுமென்ட் (உள்ள அனுப்பற மதிப்பு), ரெண்டுமே ரேண்டம் ஃபங்ஷன கூப்பிட்டு வர்றதுன்னு வைங்க. எத முதல்ல கணக்கு போடணும்னு சி++ சொல்றதே இல்ல, ஒரு கம்பைலர் வலது பக்கத்துலேர்ந்து போகும், இன்னொண்ணு இடது பக்கத்துலேர்ந்து வரும். கோடுல எழுத்து மாறல, ஆனா உங்களுக்கு கதவு இருக்கற இடத்துல ஃப்ரெண்டுக்கு சுவரு. பைட்டு பைட்டா ஒத்துப்போனா தான் வரிசை மாறலன்னு நம்பலாம். அதனால தான் முதல்ல பழைய தப்போட (பக்) சேர்த்து அப்படியே காப்பி எடுக்கணும், திருத்துறதெல்லாம் பிறகு.

கே: மவுஸ் கேமாச்சே ப்ரோ, பட்டன்ல எப்படி?

ஸ்டிக்க தள்ளினா நேரா நடக்கும், பக்கத்துல இருக்கற எதிரிய தானா டார்கெட் பண்ணும். பழகிட்டா மவுஸே வேண்டாம்.

கே: 3டிஎஸ்ல எழுத்தே படிக்க முடியல.

முடியாது தான். கேம் 640x480க்கு வரைஞ்சது, 3டிஎஸ் மேல் ஸ்க்ரீன் 400x240, உயரத்துல சரியா பாதி. வீட்டா 960x544ங்கறதால அங்க பிரச்சனை இல்ல.

கே: தல, கேம் ஃபைல் லிங்க் ப்ளீஸ்.

கிடையாது. போர்ட்டுல (வேற மெஷினுக்கு மாத்தின வெர்ஷன்) இருக்கறது கோடு மட்டும் தான், படம் சவுண்டு எல்லாம் இருக்கற எம்பிக்யூ ஃபைல உங்க சிடிலேர்ந்தோ ஜிஓஜிங்கற ஆன்லைன் கேம் கடைல வாங்கியோ நீங்க தான் போடணும். காசு இல்லேன்னா பழைய ஷேர்வேர் டெமோ ஃபைல போட்டாலும் ஓடும், வாரியர மட்டும் வச்சு ஆடலாம். ஆனா டேட்டா இல்லாம கோடு மட்டும் விட்டா சட்டப்படி பிரச்சனையே வராதுன்னு நினைக்காதீங்க. ஜிடிஏ 3ய இதே மாதிரி திருப்பி எழுதின ப்ராஜெக்ட்டும் கேம் ஃபைல் தரல, இருந்தும் ஜிடிஏவோட சொந்தக்கார கம்பெனி டேக்-டூ 2021ல கோர்ட்டுக்கு போச்சு.

கே: ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் வீட்டாவுக்கு வந்ததும் இப்படித்தானா சார்?

அது வேற ரூட்டு. ஆண்ட்ராய்டு வெர்ஷன் ஆர்ம்ங்கற வகை ப்ராசசருக்கே கம்பைல் ஆனது, வீட்டாவும் ஆர்ம் தான். அதனால கோட திருப்பி எழுதாம ஆண்ட்ராய்டு லைப்ரரி ஃபைலயே மெமரில ஏத்தி, அது கேக்குற ஆண்ட்ராய்டு ஃபங்ஷனுக்கெல்லாம் வீட்டா ஃபங்ஷன மாட்டி விட்டாங்க. படம் வரையற ஓபன்ஜிஎல் ஃபங்ஷனுக்கு பதிலா, அதையே வீட்டால செய்யற வீட்டாஜிஎல் லைப்ரரி. இதுல ஒரு வம்பு, ஆண்ட்ராய்டு கோடு ஃப்ளோட் நம்பர (தசம எண்) சாதா ரெஜிஸ்டர்ல (ப்ராசசருக்குள்ள நம்பர் வைக்கற இடம்) அனுப்பும், வீட்டா கோடு ஃப்ளோட் ரெஜிஸ்டர்ல எதிர்பாக்கும், அத கவனிக்காம விட்டா வர்ற நம்பரெல்லாம் குப்பை. வேகமா முடியற வேலை தான், ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு மாத்தற சுகம் இதுல கம்மின்னு தான் எனக்கு தோணும்.

கே: செகண்ட் இயர் படிக்கறேன் அண்ணா, எங்க ஆரம்பிக்கறது?

கிட்ராவ போடு, கம்பைல் ஆன ப்ரோக்ராம பிரிச்சு பாக்கறதுக்கு அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ 2019ல ஃப்ரீயா விட்ட டூல். எடுத்தவுடனே கேமத் திறக்காத. நீயே இருபது முப்பது லைன்ல ஒரு சி ப்ரோக்ராம் எழுதி, ஆப்டிமைசேஷன் (கம்பைலர் வேகத்துக்காக கோட மாத்தி அமைக்கறது) இல்லாம கம்பைல் பண்ணி, சிம்பல எடுத்துட்டு அதுல திறந்து பாரு. உன் ஃபார் லூப்ப அசெம்பிளில நீயே கண்டுபிடிக்கற வரைக்கும் இது மட்டும் போதும். பிறகு ஆப்டிமைசேஷன போட்டு அதே ப்ரோக்ராம திரும்பவும் பாரு, தலை சுத்தும்.