நிறுத்தியும் மீட்டர் ஓடுகிறதே! பொதுக் கிளவுட் கேள்வி பதில்

அலுவலக சர்வரைக் கிளவுடுக்கு (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு) மாற்றலாமா என்று யோசிப்பவர்களும், மாற்றிவிட்டு பில்லைப் பார்த்து விழிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், 'பப்ளிக் கிளவுட்' என்றால் எங்கள் ஃபைல்களை வெளியாட்கள் பார்க்க முடியுமா? பெயரைக் கேட்டதுமே எங்கள் முதலாளி வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பதில்: பெயர் செய்யும் வில்லங்கம் இது. காசு கட்டும் யாரும் வாடகைக்கு எடுக்கலாம் என்பதால் 'பப்ளிக்'. யாரும் பார்க்கலாம் என்று பொருள் இல்லை. ஒரே இயந்திரத்தில் பல நிறுவனங்களின் வெர்ச்சுவல் மெஷின்கள் (மென்பொருளால் பிரித்த தனித்தனிக் கணினிகள்) ஓடும்; ஒன்றின் மெமரியை இன்னொன்று தொடாதபடி, அவற்றைப் பிரித்து ஓட்டும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் தடுத்து வைக்கும். அந்தத் தடுப்பு உடைந்து டேட்டா போவது அபூர்வம். வாடிக்கையாளர் தன் பக்கத்தில் எதையாவது திறந்து போட்டுவிட்டுப் பறிகொடுப்பதுதான் வழக்கம். 2019-ல் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து 10 கோடிப் பேருக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் போனதற்கு, தவறாக அமைத்த ஃபயர்வாலும் அதற்குத் தேவைக்கு மேல் கொடுத்திருந்த அனுமதியும் காரணம். அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3-ல் 2023 ஏப்ரலிலிருந்து புதிய பக்கெட்டுகள் (ஃபைல்களைப் போட்டு வைக்கும் இடங்கள்) வெளியாட்களுக்கு மூடியபடியேதான் வருகின்றன. அதற்கு முன் உருவாக்கியவை இருந்தால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கேள்வி: விற்பனைக்கு வந்தவர் ஐயாஸ், பாஸ், சாஸ் என்று அடுக்கிக்கொண்டே போனார். எங்களுக்கு எது வேண்டும்?

பதில்: அந்தப் பெயர்களை விடுங்கள். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு பேட்ச் (திருத்தம்) போடுவது யார்? டேட்டாபேஸ் விழுந்தால் எழுப்புவது யார்? இரண்டுக்கும் 'நீங்கள்தான்' என்று பதில் வந்தால் அது ஐயாஸ்; வெறும் மெஷின் வாடகை. இரண்டையும் அவர்கள் பார்த்துக்கொண்டு உங்கள் நிரலை மட்டும் நீங்கள் ஏற்றினால் பாஸ். நிரல் உட்பட எல்லாமே அவர்களுடையது, நீங்கள் லாகின் செய்து பயன்படுத்துகிறீர்கள் என்றால் சாஸ். யாருக்கு என்ன அனுமதி, எந்த டேட்டா உள்ளே போகிறது என்பது மூன்றிலுமே உங்கள் தலையில்தான். சிஸ்டம் பார்க்க ஆள் இல்லாத சின்ன நிறுவனம் ஐயாஸில் இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

கேள்வி: டெஸ்ட் சர்வர்களை தினமும் மாலையில் நிறுத்திவிடுகிறோம். இருந்தும் பில் இறங்கவே இல்லை. எங்கே தவறு?

பதில்: எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதில் இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் மெஷின் அணையும். ஆனால் அதற்காக ஒதுக்கிய வன்பொருள் உங்கள் பெயரிலேயே இருக்கும். அஸூரின் நிர்வாகப் பக்கமான போர்ட்டலில் நிலை 'ஸ்டாப்டு' என்று மட்டும் காட்டினால் மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 'ஸ்டாப்டு' பக்கத்திலேயே 'டீஅலொகேட்டட்' (ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டது) என்றும் இருந்தால்தான் அது நின்றது. அதற்கு போர்ட்டலிலிருந்தே நிறுத்த வேண்டும்.

மெஷின் சரியாக நின்றாலும் அதன் டிஸ்க் நிற்காது. எத்தனை ஜிபி ஒதுக்கியிருக்கிறதோ அத்தனைக்கும் வாடகை உண்டு, உள்ளே காலியாக இருந்தாலும். பிடித்து வைத்த பொது ஐபி முகவரி, லோட் பேலன்சர் (பல மெஷின்களுக்கு வேலையைப் பங்கிடுவது), நாட் கேட்வே (உள் மெஷின்களை இணையத்துக்கு அனுப்பும் வாசல்) இவையெல்லாம் மெஷினைச் சாராமல் தனித்தனியே மீட்டர் ஓட்டும். மெஷினை அழித்த பிறகும் டிஸ்க் அநாதையாகக் கிடப்பது நிறைய இடத்தில் உண்டு. 'எதனோடும் இணைக்கப்படாதவை' என்று டிஸ்க் பட்டியலை வடிகட்டிப் பாருங்கள், கண்டிப்பாக ஏதாவது சிக்கும்.

இன்னும் மூன்று இடங்கள். அமேசானின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸை நிறுத்தினால் 7 நாளில் அது தானாகவே மறுபடி கிளம்பிவிடும். விடுமுறைக்கு நிறுத்திவிட்டு மறந்தவர்கள் மாட்டுவது இங்கேதான். எஸ்3-ல் பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக ஏற்றும்போது பாதியில் அறுந்தால், ஏறிய துண்டுகள் அங்கேயே தங்கிவிடும். சாதாரண ஃபைல் பட்டியலில் தெரியாது, பில்லில் தெரியும். 7 நாளுக்கு மேலான அரைகுறை அப்லோடுகளை அழிக்கும்படி ஒரு லைஃப்சைக்கிள் விதி போட்டால் தீர்ந்தது. மூன்றாவது, வெர்ஷனிங் என்ற, பழைய பிரதிகளைக் காத்து வைக்கும் வசதி. அதை இயக்கிய பக்கெட்டில் ஃபைலை அழித்தால் அழிந்ததாக ஒரு குறி மட்டும் விழும். பழைய பிரதி அப்படியே இருந்து காசு தின்னும்.

இதையெல்லாம் சரிசெய்தால், மாலையில் நிறுத்துவது நல்ல பழக்கம்தான். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை நாள் ஐந்தில் 12 மணி நேரம் வீதம் ஓட்டினால் 60. மெஷின் வாடகையில் ஏறக்குறைய 64% மிச்சம். கையால் நிறுத்தாமல் ஷெட்யூல் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் மறப்பார்கள்.

கேள்வி: பட்ஜெட் வரம்பு போட்டு வைத்திருக்கிறேன். தாண்டினால் தானாக நின்றுவிடும்தானே?

பதில்: நிற்காது. மின்னஞ்சல் மட்டும் வரும், அதுவும் பல மணி நேரம் தாமதமாக. நிறுத்தும் வேலையைத் தனியாக அமைத்து அந்த எச்சரிக்கையோடு இணைக்க வேண்டும். வரம்பில் 50%, 80% என்று இரண்டு முன்னெச்சரிக்கையாவது வையுங்கள்.

கேள்வி: இப்போது அலுவலகத்தில் 8 கோர், 32 ஜிபி சர்வர். கிளவுடிலும் அதே அளவு எடுத்தால் போதுமா?

பதில்: அப்படியே எடுத்தால் ஒன்று கூடுதலாக இருக்கும், அல்லது குறையும், சரியாக அமைவது குருட்டு அதிர்ஷ்டம். பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் ஒரு விசிபியு (கிளவுடில் சிபியுவை எண்ணும் அலகு) என்பது கோரின் ஒரு திரெட்; ஒரு கோரில் இரண்டு திரெட் உண்டு. அதாவது 8 விசிபியு என்றால் 4 கோர்தான். எனவே முதலில் அளந்து பாருங்கள்: சிபியு, மெமரி, டிஸ்க்கின் விநாடிக்கான படிப்பு-எழுத்து எண்ணிக்கை. மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாட்களையும் சேர்த்து குறைந்தது 4 வாரம். சராசரியை நம்பாதீர்கள், உச்சத்தைப் பாருங்கள்.

விலை குறைவாகத் தெரியும் 'பர்ஸ்ட்' வகை (தேவைப்படும்போது மட்டும் முழு வேகம் எடுக்கும்) மெஷின்களில் ஒரு சூட்சுமம் உண்டு. அமேசானின் டி3 மீடியம் 2 விசிபியு. தொடர்ந்து 20% வரை ஓட்டத்தான் அதன் விலை. சும்மா இருக்கும் நேரத்தில் மணிக்கு 24 கிரெடிட் வீதம் சேரும். ஒரு கிரெடிட் என்பது ஒரு விசிபியுவை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டும் அளவு. பழைய டி2-வில் கிரெடிட் தீர்ந்தால் மெஷின் நத்தையாகிவிடும். காலையில் பறந்தது மதியம் தவழ்கிறது என்ற புகார் பெரும்பாலும் இதுதான். டி3-ல் அது நடக்காது, ஏனென்றால் இயல்பாகவே கூடுதல் கட்டணம் வசூலித்துக்கொண்டு ஓடும். டேட்டாபேஸுக்கு இந்த வகை வேண்டாம்.

கேள்வி: பாதுகாப்புக்காக டேட்டாபேஸை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, அப்ளிகேஷனை மட்டும் கிளவுடுக்கு மாற்றினோம். இன்டர்நெட் வேகம் இரண்டு மடங்காக்கியும் ஒரு பக்கம் திறக்க 6 விநாடி ஆகிறது.

பதில்: பேண்ட்வித் இங்கே குற்றவாளி இல்லை, தூரம்தான். அந்தப் பக்கம் திறக்க எத்தனை முறை டேட்டாபேஸைக் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 200 கேள்வி என்று வையுங்கள். ஒரே நெட்வொர்க்கில் ஒரு கேள்வி போய்வர 0.5 மில்லிவிநாடி, மொத்தம் 0.1 விநாடி, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது போய்வர 30 மில்லிவிநாடி என்றால் 200 முறைக்கு 6 விநாடி. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் போய்வரவே சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். எவ்வளவு காசு கொட்டினாலும் அது குறையாது. இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள், அல்லது 200 கேள்வியை நான்கைந்தாகத் திரட்டி எழுதச் சொல்லுங்கள். ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குதான்.

கேள்வி: 10 டிபி ஃபைல்களை 100 மெகாபிட் லைனில் ஏற்ற எத்தனை நாள்?

பதில்: லைன் முழுதும் அதற்கே கிடைத்தால் 9 நாள், 6 மணி நேரம். அலுவலகமும் அதே லைனில் வேலை செய்யும் என்பதால் இரண்டு வாரம் என்று வையுங்கள். 100 என்பது அப்லோட் வேகம்தானா என்று உறுதி செய்யுங்கள். பல லட்சம் குட்டி ஃபைல்கள் இருந்தால் தொகுத்து ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போய்வருவதிலேயே நேரம் போய்விடும். முதலில் முழு நகல், பிறகு மாறியவை மட்டும், கடைசி இரவில் எழுதுவதை நிறுத்திவிட்டு மிச்சம். மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்-ஐ (உங்கள் சர்வரின் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைக்கும் நேரத்தை) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: சேவை 99.9% நேரம் ஓடும் என்று எழுதித் தருகிறார்கள். அதில் என்ன குறை?

பதில்: 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் படுத்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று பொருள். 99.99% என்றால் 4 நிமிடச் சொச்சம். உங்கள் அப்ளிகேஷன் ஒன்றையொன்று நம்பிய மூன்று சேவைகளின் மேல் நின்று, மூன்றும் 99.9% என்றால், மோசமான மாதத்தில் 130 நிமிடம்வரை போகலாம். மீறினால் கிடைப்பது பில்லில் கழிவு, பெரும்பாலும் விண்ணப்பித்தால்தான். உங்கள் வியாபார நஷ்டத்தை யாரும் தர மாட்டார்கள்.

கேள்வி: எஸ்3-ல் பதினொரு ஒன்பது பாதுகாப்பு என்கிறார்களே, அப்புறம் பேக்கப் எதற்கு?

பதில்: 99.999999999% என்பது டிஸ்க் பழுதால் ஃபைல் தொலையாது என்பதற்கான வடிவமைப்பு. உங்கள் ஊழியர் தவறாக அழித்தால், அதைப் பிரதி வைத்த எல்லா இடத்திலும் மிகப் பத்திரமாக அழித்துக் கொடுக்கும்.

இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். 2014 ஜூனில், பிறருடைய நிரல்களைச் சேமித்து வைக்கும் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் நுழைந்த ஆசாமி, சர்வர்களோடு பேக்கப்பையும் அழித்தான். அதுவும் அதே கணக்கின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. நிறுவனம் மூடப்பட்டது. 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறிடத்தில் பிரதி வைக்காதவர்கள் டேட்டாவை இழந்தார்கள். ஆக, பேக்கப் வேறு கணக்கில், வேறு ரீஜனில் இருக்க வேண்டும். தினசரி வேலைக்கான பாஸ்வேர்டால் அதை அழிக்க முடியக்கூடாது. ஆப்ஜெக்ட் லாக் (ஃபைலை அழிக்கவிடாத பூட்டு) போட்டு 30 நாளுக்கு யாரும் தொட முடியாதபடி பூட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டேட்டாபேஸையாவது புதிய மெஷினில் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். 'பேக்கப் வெற்றி' என்று வரும் மின்னஞ்சல் மீட்க முடியும் என்பதற்குச் சாட்சி இல்லை.

கேள்வி: பழைய ஃபைல்களை மலிவான ஆர்க்கைவுக்குத் தள்ளலாமா?

பதில்: வருடத்தில் ஒரு தரம்கூடத் தொடாதது என்றால் தள்ளலாம். எஸ்3-ன் டீப் ஆர்க்கைவில் குறைந்தது 180 நாள் வாடகை உண்டு, மறுநாளே அழித்தாலும். சாதாரண முறையில் திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும்.

கேள்வி: மூன்று வருட ஒப்பந்தம் போட்டால் பாதி விலை என்கிறார்கள். போடலாமா?

பதில்: முதல் மூன்று மாதம் எதையும் போடாதீர்கள். அளவு படிந்த பிறகு, இரவும் பகலும் ஓடியே ஆகவேண்டிய அடிப்படைச் சுமைக்கு மட்டும், ஒரு வருடத்துக்குப் போடுங்கள். நடுவில் அறுந்தாலும் பரவாயில்லாத வேலைகளுக்கு ஸ்பாட் மெஷின், அதாவது சும்மா கிடப்பதை மலிவாக வாடகைக்கு விடுவது. அமேசானில் 2 நிமிட அறிவிப்போடு பிடுங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா?

பதில்: டேட்டாவை எடுத்துக்கொண்டு வரலாம். ஒரேயடியாக வெளியேறுபவர்களுக்கு டேட்டா வெளியேற்றக் கட்டணத்தை மூன்று பெரிய நிறுவனங்களுமே (அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகிள்) 2024 தொடக்கத்தில் விலக்கின. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மாட்டிக்கொள்வது நிரலில்தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எங்கும் ஓடும். அமேசானின் சொந்த டேட்டாபேஸான டைனமோடிபிக்கு எழுதியதை வேறிடத்தில் ஓட்டப் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டும்.

கேள்வி: கணக்கைத் தொடங்கிய ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். ரூட் லாகின் (கணக்கில் முழு அதிகாரம் உள்ளது) அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. அவர் நல்லவர்தான்.

பதில்: மற்ற கேள்விகளெல்லாம் இருக்கட்டும், இதை இன்றைக்கே முடியுங்கள். அவர் நல்லவராக இருப்பதால் சுலபம்: அவரை வைத்தே லாகின் செய்து, நிறுவன டொமைனில் பலருக்கும் போகும் ஒரு குழு முகவரிக்கு மாற்றுங்கள். புதிய பாஸ்வேர்ட், இரண்டு எம்எஃப்ஏ சாதனம் (பாஸ்வேர்டோடு கேட்கும் இரண்டாவது சரிபார்ப்புக்கு), ஒன்று பூட்டிய அலமாரியில். ரூட்டுக்கு அக்சஸ் கீ (நிரல்கள் கணக்குக்குள் நுழையப் பயன்படுத்தும் சாவி) இருந்தால் எங்காவது பயன்படுகிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். அவர் பெயரில் உள்ள மற்ற கீகளை அழிக்கும் முன் ஒரு வாரம் முடக்கி மட்டும் வையுங்கள். இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் அவற்றில் ஒன்றை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.