தீர்ப்பில்லாத மரண தண்டனையா?

கேள்வி: பயங்கரவாதி என ஓர் அரசு முடிவு செய்யும் ஒருவரை, கைது செய்யாமலும் விசாரிக்காமலும் ஆளில்லா விமானத்தால் கொல்வது சட்டப்படி செல்லுமா? மக்கள் தெரிவுசெய்த பாராளுமன்றமே அதிகாரம் அளித்திருந்தால் குறைகூற இடமுண்டா?
– வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஆயுதப் போரில் நேரடியாகப் பங்குகொள்பவரைத் தாக்கப் போர்ச் சட்டம் இடமளிக்கிறது; போருக்கு வெளியே, பிறர் உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்து, வேறு வழியும் இல்லாதபோது மட்டுமே உயிரைப் பறிக்கலாம். போர்க்களத்தின் எல்லையைக் கொல்பவரே வரைந்துகொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இஸ்ரேலின் உயர் நீதிமன்றம் 2006 டிசெம்பரில், இத்தகைய கொலைகளை முற்றாக அனுமதிக்கவோ முற்றாகத் தடுக்கவோ மறுத்து, நம்பகமான தகவல் வேண்டும், கைது செய்ய முடியுமானால் கொல்லக் கூடாது, பொதுமக்களுக்கு நேரும் சேதம் அளவுமீறக் கூடாது, கொன்றபின் சுயாதீன விசாரணை நடக்க வேண்டும் என நிபந்தனைகள் விதித்தது. கடைசி நிபந்தனையையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். மற்ற மூன்றும் பேணப்பட்டனவா என்பதை அதுவன்றி வெளியார் எவரும் அறிய முடியாது.

பாராளுமன்ற அனுமதி பற்றிய உங்கள் கேள்விக்கு அமெரிக்க அனுபவமே விடை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களையடுத்து, அதே மாதத்தில் அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ், கீழ்ச்சபையில் ஒரேயொரு எதிர்வாக்குடன், நாட்டெல்லையோ முடிவுத் திகதியோ குறிப்பிடாமல் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்கியது. அல்-கைதாவைச் சேர்ந்தவர் என அரசு கூறிய, அமெரிக்கப் பிரஜையான அன்வர் அல்-அவ்லாகி கொல்லப்படவிருக்கிறார் என அஞ்சி அவருடைய தந்தை 2010இல் தொடுத்த வழக்கை, வழக்காடும் தகைமை தந்தைக்கு இல்லை, இது அரசியல் துறைகள் தீர்மானிக்க வேண்டிய விடயம் என்று கூறி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2011 செப்டெம்பர் 30இல் யேமனில் மகன் கொல்லப்பட்டார். இரண்டு வாரங்களில் பதினாறு வயதுப் பேரனும் வேறொரு தாக்குதலில் மாண்டான். கொலைக்கு நியாயம் கூறிய சட்டக் குறிப்போ, நீதிமன்ற உத்தரவின் பேரில், பகுதிகள் மறைக்கப்பட்ட நிலையில் 2014இல்தான் வெளிவந்தது. எதற்கு அனுமதி கொடுத்தோம் என்பதையே வாக்காளர் பார்க்க முடியாதபோது, அந்த அனுமதியை ஜனநாயகம் என்பது பொருந்தாது.

நமது இலங்கை அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. எனினும், தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவருக்கும் மரண தண்டனை கூடாது எனும் 13(4)ஆம் உறுப்புரையில் அது உட்கிடையாக உள்ளதென உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது.

2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை நீங்கள் நினைத்திருக்கக்கூடும். அது நீங்கள் கேட்ட வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் பின்விசாரணை ஏன் சுயாதீனமாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று. அவர்கள் கொண்டுசென்ற குண்டு வெடித்து இறந்தனர் என்று படைத்தரப்பில் முதலில் கூறப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியது. குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸ் தரப்பினர் 13 பேரும் 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டனர்.