ஜெர்மனியில் ஒற்றை அறை வீடு: பாட்டு கேட்டபடி சமைப்பது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன். மியூனிக் வந்து மூன்று வாரம் ஆகிறது. அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில். பாட்டு ஓடினால்தான் சமைக்கக் கை வருகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார், தாளிப்பு தீய்ந்துபோகிறது, பருப்பு வேக மாட்டேன் என்கிறது. பாட்டை விட்டுவிடத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம். நாலரை மணிக்கே இருட்டிவிடும் நவம்பர் மாலைகளில் அடுப்பும் பாட்டும்தான் ஆளைத் தூக்கி நிறுத்தும். உங்கள் மூன்று தொல்லைக்கும் காதுதான் காரணம். ஊரில் நாம் பாதிச் சமையலைக் காதால்தான் செய்கிறோம்: கடுகு வெடிப்பது, விசில் வருவது, குழம்பு கொதி மாறுவது. இங்கே அந்தச் சத்தங்களில் சில மாறிவிட்டன, சில இல்லவே இல்லை. அதற்கு ஏற்றபடி பாட்டை ஒழுங்குபடுத்தினால் போதும்.

முதலில் கதவு தட்டப்பட்ட விஷயம். அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியை முழு வேகத்தில் வைத்தால் அதுவே 60, 70 டெசிபல் அளவுக்கு இரையும். அதை மீறிக் கேட்பதற்காக ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுவோம். தாளித்து முடிந்ததும் சிம்னியை அணைத்துவிட்டு, பாட்டைக் குறைக்க மறந்துவிடுவோம். நமக்கு அது பெரிதாகத் தெரியாது, காது பழகியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அப்படி இல்லை. அதனால் சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஸ்பீக்கரைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஒரு கை நீளத்தில், காது உயரத்தில் இருந்தால் பாதிச் சத்தமே போதும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய்ப் புகையும் ஆவியும் ஸ்பீக்கரின் வலைக்குள் ஏறிப் பிசுக்காகிவிடும்.

சுவரில் பொருத்திய அலமாரியின் மேலும் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். அலமாரி சுவரைத் தொட்டிருக்கிறது, அதிர்வு நேராகச் சுவருக்குள் இறங்கும். நான்காக மடித்த துண்டு ஒன்றை அடியில் போட்டு, தனி மேசையில் வையுங்கள். பாட்டுச் செயலியில் ஈக்குவலைசர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் பேஸை, அதாவது தாழ்ந்த அதிர்வொலியை, நன்றாகக் குறைத்துவிடுங்கள். பாடகரின் குரல் சுவரைத் தாண்டுவது குறைவு, பேஸ்தான் தாண்டும். அதனால் அந்த வீட்டுக்காரருக்குப் பாட்டே கேட்காது, 'டம் டம்' மட்டும் கேட்கும். அது பாட்டைவிட எரிச்சலூட்டும். குத்துப் பாட்டுகளை இந்த வீட்டில் ஸ்பீக்கரில் போட வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீணை, புல்லாங்குழல், மெல்லிய குரலிசை எல்லாம் குறைந்த ஒலியிலும் முழுசாகக் கேட்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் தனியாக ஒரு வழியில் நடந்துபோகும். அதைக் குறைத்துவிட்டுக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு ஒற்றைக் காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு அடுப்பின் முன் நிற்கக் கூடாது.

வழக்கமான விதி, இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுநாளும் அமைதி நாள். சில கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. மாடிப்படி அருகே ஒட்டியிருக்கும் 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்ற வீட்டு விதித் தாளில் பாருங்கள். மற்ற நேரத்திலும் 'சிம்மர்லவுட்ஷ்டெர்க்க' என்பார்கள், அதாவது சத்தம் நம் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும். சோதிப்பது சுலபம். பாட்டைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் போய் நில்லுங்கள். என்ன பாட்டு என்று தெரிந்தால் சத்தம் அதிகம்.

இனி தாளிப்பு. கண்ணாடிப் பரப்புள்ள மின் அடுப்பு (இங்கே 'செரான்' என்பார்கள்) கேஸ் அடுப்பைப் போல நம் பேச்சைக் கேட்காது. சூடேற நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் பல நிமிடம் சூட்டை விடாது. கேஸ் பழக்கத்தில் குமிழைத் திருப்பிவிட்டு நின்றால் வெந்தயம் கறுத்துவிடும். அடி கனமான சின்ன வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, 9 வரை எண் உள்ள அடுப்பில் 7-இல் வைத்து, ஒரே ஒரு கடுகைப் போடுங்கள். அது துள்ளினால் மீதியைப் போடலாம். இந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுங்கள், ஒரு நிமிட வேலைதான். முதலில் ஒன்றிரண்டாக 'டப்' என்று வரும், பிறகு சடசடவென்று கூடும், பிறகு இடைவெளி விழும். அந்த இடைவெளி கேட்டவுடன் வாணலியைத் தூக்கிக் குளிர்ந்த இன்னொரு வட்டத்தில் வையுங்கள். வெந்தயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் அந்தச் சூட்டிலேயே பொரியும். கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் தெறிக்கும், மூடியைக் கையில் வைத்திருங்கள்.

மிளகாயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றை அறை வீட்டில் கட்டிலுக்கு மேலே இருக்கும் புகை அலாரம் அடுப்பையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அது அலறுகிறதே என்று கழற்றிவைக்காதீர்கள், உறையும் போடாதீர்கள். தூங்கும் அறையில் அது இருப்பது சட்டப்படி கட்டாயம்.

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் சூடு உடனே குறையும், வாணலியை நகர்த்தத் தேவையில்லை. ஆனால் அலுமினியப் பாத்திரம் அதில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பருப்புக்கு வருவோம். இங்கே கிடைக்கும் குக்கர் விசில் அடிக்காது. மூடியில் ஒரு சின்னக் குச்சி மேலெழும், அதில் வளையங்கள் தெரியும். அம்மா சொன்ன 'நாலு விசில்' கணக்கு இதில் செல்லாது, நிமிடக் கணக்குதான். இங்கேதான் பாட்டு கைகொடுக்கும். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்பு அரைக் கப், தண்ணீர் ஒன்றரைக் கப், மஞ்சள்தூள், நாலு சொட்டு எண்ணெய். இரண்டாம் வளையம் தெரிந்ததும் சூட்டை 3-க்கு இறக்கிவிட்டு நாலு நாலரை நிமிடப் பாட்டாக இரண்டு போடுங்கள். இரண்டாவது பாட்டு முடியும்போது அணைத்துவிட்டு, குச்சி தானாக இறங்கும் வரை விடுங்கள். இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலைக்கு அதே மாதிரி நாலு பாட்டு. ஊரிலிருந்து விசில் குக்கர் கொண்டுவந்திருந்தால் ஒரு விசில் முன்னதாகவே அணையுங்கள், மிச்சச் சூட்டில் கடைசி விசில் வந்துவிடும்.

அப்படியும் வேகவில்லையா? மியூனிக் தண்ணீர் கடினமானது, பெர்லினிலும் அப்படித்தான். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இளக விடாது. வடிகட்டும் ஜாடி தண்ணீரில் வேகவையுங்கள், அல்லது கேக் சாமான் அடுக்கில் 'நாட்ரோன்' என்று விற்கும் சமையல் சோடாவில் ஒரு சிட்டிகை போடுங்கள். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும். புளியை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், புளிப்பும் வேகாமல் தடுக்கும்.

சின்ன விஷயம் ஒன்று: மைக்ரோவேவ் ஓடும்போது புளூடூத் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால் ஸ்பீக்கர் பழுது என்று நினைக்காதீர்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இயங்குகின்றன. போனை ஸ்பீக்கருக்கு அருகில் வைத்தால் சரியாகும்.

வாசனைக்கு: ஜன்னலைச் சாய்த்து வைத்தால் போதாது, முழுசாகத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். அப்போது பாட்டை நிறுத்துங்கள், உள்முற்றம் உள்ள கட்டடத்தில் சத்தம் கிணற்றுக்குள் போல எதிரொலிக்கும். புகை போகட்டும் என்று வாசற்கதவை மட்டும் திறக்காதீர்கள். தாளிப்பு வாடை படிக்கட்டு முழுக்க நிற்கும், அடுத்த புகார் அதற்கு வரும். வெளிக் குழாய் இல்லாத சிம்னி என்றால் உள்ளே கரி வடிகட்டி இருக்கும். நம் சமையலுக்கு அதை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மிக்ஸி வேலையைச் சனிக்கிழமை பகலிலேயே முடித்துவிடுங்கள். இட்லி மாவைக் குளிர்காலத்தில் ஓவனுக்குள் வைத்து, விளக்கை மட்டும் எரியவிட்டால் 12 மணி நேரத்துக்குள் பொங்கும். ஓவனைச் சூடேற்ற வேண்டாம், மாவு ஓரத்தில் வெந்துவிடும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மெதுவான சத்தத்தில் எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தைப் போடுங்கள். மங்களாசாசனம் வரை முழுதும் ஏறக்குறைய 20 நிமிடம். தொடங்கும்போது இட்லிப் பானையில் அரை லிட்டர் தண்ணீரை மூடி போட்டு 9-இல் வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்கும், அதற்குள் தட்டில் எண்ணெய் தடவி மாவை ஊற்றிவிடலாம். தட்டை இறக்கி 6-க்குக் குறைத்து 11 நிமிடம், பிறகு அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் அப்படியே விடுங்கள். மங்களாசாசனம் முடியும்போது திறந்து, கரண்டியைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் நெம்பினால் இட்லி ஒட்டாமல் வரும்.