சுங்கை சிப்புட் சாலைகள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஜேகேஆர் என்கிற மலேசியப் பொதுப்பணித் துறையில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் ஊர்ச் சாலைகளைப் பற்றியும், சாலைத் துறைகள் ஒன்றுக்கொன்று நுட்பமும் பயிற்சியும் கொடுத்து வாங்குவதைப் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள்.

அண்ணே, எங்கள் தாமான் முனையில் குழியை அடைத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு மழை பெய்தால் மறுபடியும் குழி. அதிகாரிகள் வெளிநாடு வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வருகிறார்களே, அந்தப் படிப்பெல்லாம் எங்கே போகிறது?

நியாயமான கேள்வி, தங்கச்சி. குழியில் தண்ணீர் நிற்கும்போதே தார்க் கலவையைக் கொட்டி, மண்வெட்டியால் நாலு தட்டுத் தட்டினால் அது ஒட்டாது. முதலில் குழியின் ஓரங்களை நேராக, உறுதியான அடித்தளம் தெரிகிற வரைக்கும் வெட்ட வேண்டும். உதிரியைக் கூட்டி அள்ளி, ஈரம் போகக் காயவிட்டு, அடியிலும் பக்கங்களிலும் ஒட்டுத்தார் பூச வேண்டும். ஆழமான குழி என்றால் கலவையை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இடித்து இறுக்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, கற்றுக்கொடுத்தால் போதும். ஆனால் பயிற்சி பெரும்பாலும் பொறியாளரோடு நின்றுவிடுகிறது, மண்வெட்டி பிடிக்கிறவரிடம் வந்து சேருவதில்லை. துறைகளுக்கு இடையே எத்தனை ஒப்பந்தம் போட்டாலும், இந்தக் கடைசி ஆள் வரைக்கும் போகாத பயிற்சியைப் பயிற்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஐயா, பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறேன். சின்ன ஊர்களுக்குப் பயிற்சியைக் கொண்டுபோகிற ஏற்பாடு எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. அமெரிக்காவில் 1982இல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் கிராமப்புறச் சாலைகளுக்கென்று ஒரு தொழில்நுட்ப உதவித் திட்டத்தைத் தொடங்கியது. இன்றைக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கு ஒரு மையம் உண்டு, பல மையங்கள் பல்கலைக்கழகங்களில் இயங்குகின்றன. சாலையைச் சமன்படுத்துகிற கிரேடர் வண்டியை ஓட்டுவது, சரளைச் சாலையைப் பராமரிப்பது, தண்ணீரை வடியவைப்பது என்று வேலை செய்கிறவர்களுக்கே சொல்லித் தருகிறார்கள். நம்மிடம் மலாக்கா, அலோர் காஜாவில் ஜேகேஆரின் கிரியேட் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே இருக்கிற அறிவு மாவட்டங்களின் பராமரிப்புக் கூடங்களுக்கு நடமாடி வர வேண்டும் என்பது என் ஆசை. படிப்பை முடித்ததும் நீ அந்தப் பக்கம் வந்தால் ரொம்பவும் மகிழ்வேன்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே காலத்தை ஓட்டியவன் நான். கட்டிப்பாலைத் தாரில் கலந்து சாலை போடுகிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான் ஐயா. மரத்து மங்கிலேயே, அதாவது பால் சேரும் கிண்ணத்திலேயே, உறைந்து நீங்கள் எடுத்துப் போட்ட அதே கட்டிப்பால்தான். அதைச் சுத்தம் செய்து, துண்டாக்கி, சூடான தாரில் கலக்கிறார்கள். நம் வெயிலில் சாதாரணத் தார் இளகிவிடும், கனமான லோரிகள் ஓடினால் சக்கரத் தடத்தில் பள்ளம் விழும். ரப்பர் சேர்ந்த தார் சீக்கிரம் இளகாது, அமுங்கினாலும் மீளும், வெடிப்பும் தள்ளிப்போகும். ஆரம்பச் செலவு கூடுதல்தான். இதில் எனக்குப் பிடித்ததே மலேசிய ரப்பர் வாரியமும் ஜேகேஆரும் சேர்ந்து உட்கார்ந்ததுதான். ஒருவருக்கு ரப்பர் தெரியும், இன்னொருவருக்குச் சாலை தெரியும். தாய்லாந்தின் சாலைத் துறைகளும் இயற்கை ரப்பரைத் தாரில் கலக்கின்றன. இரண்டு நாட்டுக்காரர்களும் தங்கள் சோதனைச் சாலைகளின் கணக்கை ஒளிக்காமல் பரிமாறிக்கொண்டால், சிறு தோட்டக்காரருக்கும் பலன் கிடைக்கும்.

செம்பனை லோரிக்காரர்கள் மேல்தான் எல்லாரும் பழி போடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் அவ்வளவு கெடுதலா?

கெடுதல்தான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், பல மாநிலச் சாலைத் துறைகள் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. தனியாகப் பாதைகள் போட்டு, அவற்றில் ராணுவ ஓட்டுநர்கள் லோரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். அதிலிருந்து தெரிந்தது இது: அச்சின் மேல் பாரம் ஏற ஏற, சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்காக, அதாவது பாரம் கூடிய மடங்கை நான்கு தடவை போட்டுப் பெருக்கிய அளவில், ஏறுகிறது. பாரத்தை 20 விழுக்காடு கூட்டினால் சேதம் சுமார் இரண்டு மடங்கு. பாரத்தையே இரட்டிப்பாக்கினால் 16 மடங்கு. சாலையின் தடிமனைக் கணக்கிட ஜேகேஆர் 1985இல் கொண்டுவந்த வழிகாட்டியிலும் அந்தச் சோதனையின் முடிவுகள் இருக்கின்றன. அதே சமயம், ஓட்டுநரை மட்டும் பிடித்துப் பயன் இல்லை. தோட்டத்திலேயே எடை பார்த்து ஏற்ற வேண்டும்.

எங்கள் லயத்துக்குப் போகிற செம்மண் சாலையை ஏன் யாருமே கவனிப்பதில்லை?

ஈப்போவிலிருந்து கோல கங்சார் போகிற பெரிய சாலை கூட்டரசு சாலை எண் 1, அதற்கு ஜேகேஆர் பொறுப்பு. மாநிலச் சாலை, நகராண்மைக் கழகச் சாலைகளுக்கான பராமரிப்பு மானியம் மாரிஸ் என்கிற சாலைப் பதிவேட்டை வைத்துத்தான் வருகிறது. தோட்ட நிறுவனத்தின் நிலத்துக்குள் ஓடுகிற சாலை தனியார் சாலை, அதைப் பார்க்க வேண்டியது தோட்ட நிர்வாகம். அதனால் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் கொடுங்கள். காய்ந்த குழியைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். மழை பெய்யும்போதே எடுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஓரத்துப் புல்மேடு எங்கே அதை வடியவிடாமல் மறிக்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரிய வேண்டும். அந்த மேட்டைச் சீவி, கால்வாயைத் திறந்துவிடுவதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.