நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் அமெரிக்கப் பணக்காரர்களை நல்லவர்களாகவும் ஐரோப்பியர்களைக் கெட்டவர்களாகவும்தான் காட்டுகிறாரா?

மேலோட்டமாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். 1877-இல் நூலாக வந்த 'தி அமெரிக்கன்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழிலில் சம்பாதித்த அமெரிக்கனான நியூமன் பாரிஸுக்கு வந்து, பெல்கார்ட் என்ற பழைய பிரபுக் குடும்பத்தின் விதவை மகள் கிளேரை மணக்கக் கேட்கிறான்; அவன் பணத்துக்காகச் சம்மதித்தவர்கள், அப்புறம் வியாபாரியைச் சகிக்க முடியாமல் பின்வாங்குகிறார்கள். கிளேரின் தாய்தான் தன்னைக் கொன்றாள் என்று கிளேரின் தந்தை சாகும் தறுவாயில் எழுதிய சீட்டு நியூமன் கையில் சிக்குகிறது. ஊரறிய நாறடித்திருக்கலாம், அவனோ அதை நெருப்பில் போட்டுவிடுகிறான். அவனுடைய இந்த நல்ல குணத்தை நம்பித்தான் பெல்கார்ட் குடும்பத்தார் அவனை எதிர்க்கத் துணிந்திருப்பார்கள் என்று தோழி ஒருத்தி சொல்லும்போது, சீட்டு எரிந்துவிட்டதா என்று தன்னையறியாமல் திரும்பிப் பார்க்கிறான்! பழிவாங்கும் ஆசை அவனுக்குள்ளும் இருக்கிறது. சந்தையின் மிகச் சிறந்த சரக்கைப் போல மனைவி வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னவனும் இவன்தான். அதனால் அவனை முழு நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன்.