சிவிலைசேஷன் 6: பிரின்ஸ் நிலையைத் தாண்ட முடியாமல் நிற்பவருக்கு

"சிவிலைசேஷன் 6 ஆடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பிரின்ஸ் நிலையில் 150ஆவது சுற்று வரை எல்லாம் ஒழுங்காகப் போவதாகத்தான் தெரிகிறது. அதன் பிறகு கணினியின் நாடுகள் என்னை முந்திக்கொண்டு போய்விடுகின்றன. எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தால் முன்னேறலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகப் படிப்பவருக்காக: இது ஒரு நாட்டைச் சுற்றுச் சுற்றாக வளர்த்தெடுக்கும் கணினி ஆட்டம்; பிரின்ஸ் அதன் கடின நிலைகளில் ஒன்று. 2020ஆம் ஆண்டு இதே இடத்தில் இதே போலத் திணறிக்கொண்டிருந்தவன் என்பதால் பதில் எழுதாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

நாட்டைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ரோமை எடுத்துக்கொள்ளுங்கள். டிராஜன் தலைமையிலான ரோமில், நீங்கள் நிறுவும் ஒவ்வொரு நகரிலும் மான்யுமென்ட் என்ற பண்பாடு தரும் கட்டடம் இலவசமாகக் கிடைக்கும். தலைநகருக்கு வணிகத் தொடர்பு எட்டும் தூரத்தில் இருந்தால் சாலையும் தானாகவே அமையும். புதியவருக்கு இதைவிட உதவியான நாடு வேண்டியதில்லை. ஆனால் நாட்டை மாற்றினால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பிரின்ஸ் நிலையில் கணினிக்குத் தனிச்சலுகை எதுவும் கிடையாது. நீங்களும் அதுவும் சமமாகத்தான் தொடங்குகிறீர்கள். 150ஆவது சுற்றில் நீங்கள் பார்ப்பது விளைவு. தோல்வி முதல் 100 சுற்றுகளுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. உங்கள் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை என்றாலும், அந்த 100ஆவது சுற்றில் உங்களிடம் மூன்று அல்லது நான்கு நகரங்களும், கட்டி முடித்த ஓரிரு அதிசயங்களும் (உலகில் ஒரே ஒரு நாடு மட்டும் கட்டக்கூடிய பெருங்கட்டடங்கள்) இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தவை அவைதாம்.

நான் ஐந்தாம் பாகத்தைப் பல ஆண்டுகள் ஆடியவன். 2010இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில், பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்துக்குப் பிறகு, வழக்கமான அளவுள்ள வரைபடத்தில் கூடுதலாக நிறுவும் ஒவ்வொரு நகரும் ஆராய்ச்சிச் செலவை 5 சதவீதம் ஏற்றிவிடும். அதோடு ஒவ்வொரு நகருக்கும் நாட்டின் மகிழ்ச்சியில் 3 புள்ளிகள் குறையும். ஆகவே நான்கு நகரங்களை நிறுவி, அவற்றைப் பெரிதாக வளர்த்து, அதிசயங்களைக் கட்டிக்கொண்டு அமைதியாக இருப்பதே அறிவான ஆட்டமாக இருந்தது. அந்த ஆட்டத்தில் நான் திறமையாகவே ஆடினேன் என்பதைப் பெருமையோடு சொல்வேன். 2020 மே மாதத்தில் எபிக் என்ற இணைய ஆட்டக் கடையில் ஆறாம் பாகத்தை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தார்கள். ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த நேரம் அது. உடனே தரவிறக்கினேன். ஐந்தாம் பாகத்தின் பழக்கத்தோடு ரோமை எடுத்து ஆடி, இரண்டு முறை தோற்றேன்.

கல்லூரி மூடியிருந்ததால் என் தங்கையும் வீட்டில்தான் இருந்தாள். அவள் அதுவரை இப்படிப்பட்ட ஆட்டம் எதையும் தொட்டதில்லை. நான் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் திரையில் விரலை வைத்து, "அண்ணா, இந்த ஆத்தோரம் முழுக்கக் காலியாத்தானே கிடக்கு? ஏன் விட்டு வெச்சிருக்கே?" என்று கேட்டாள். நகரங்கள் அதிகமானால் நாடு தாங்காது என்று விளக்கினேன். "தாங்காதுன்னு இந்த ஆட்டத்துல எங்க போட்டிருக்கு, காட்டு" என்றாள். தேடினேன். எங்கும் இல்லை.

முதல் சுற்றிலேயே சேமித்து வைத்திருந்த கோப்பு இருந்தது. அதிலிருந்து அவள் ஆடத் தொடங்கினாள். அதே ரோம், அதே ஆறு, அதே மலைகள், அதே அண்டை நாடுகள். 100ஆவது சுற்று வந்ததும் இருவருடைய கணக்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எதிரெதிரே எழுதினோம். எனக்கு 3 நகரங்கள், 2 அதிசயங்கள், சுற்றுக்கு 27 அறிவியல். அவளுக்கு 8 நகரங்கள், அதிசயம் ஒன்றுகூட இல்லை, சுற்றுக்கு 41 அறிவியல். என்னுடைய தலைநகர் அவளுடையதைவிடப் பெரியதாகவும் அழகாகவும் இருந்தது. ஆனால் மற்ற எல்லாவற்றிலும் அவள் என்னை முந்தியிருந்தாள். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஆறாம் பாகத்தில் ஒரு நகரம் எத்தனை டிஸ்ட்ரிக்ட் (அறிவியல், வணிகம் போன்ற ஒரு துறைக்கான தனிப் பகுதி) கட்டலாம் என்பதை அதன் மக்கள்தொகை முடிவு செய்கிறது: முதலாவது 1 பேர் இருக்கும்போது, அடுத்தது 4இல், அதற்கடுத்தது 7இல், நான்காவது 10இல். 12 பேர் கொண்ட ஒரே நகரில் நான்கு டிஸ்ட்ரிக்டுகள்தான் கட்டலாம். அதே 12 பேர் நான்கு நான்காக மூன்று நகரங்களில் இருந்தால் ஆறு கட்டலாம். அறிவியல், பண்பாடு, பொன் எல்லாம் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்டுகளிலிருந்தும் அவற்றில் எழுப்பும் கட்டடங்களிலிருந்தும் வருவதால், சிறிய நகரங்கள் பல இருப்பது பெரிய நகரம் ஒன்று இருப்பதைவிட மேலாகிவிடுகிறது. நகரம் பெரிதாகப் பெரிதாக அடுத்த ஆளைச் சேர்க்கத் தேவைப்படும் உணவும் ஏறிக்கொண்டே போகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மகிழ்ச்சிக் கணக்கும் மாறிவிட்டது. ஒரு நகரின் முதல் இரண்டு பேருக்கு வசதி எதுவும் தேவையில்லை; ஒரே வகை ஆடம்பரப் பொருள் நான்கு நகரங்களுக்குப் போதும்.

செலவைப் பார்ப்போம். வழக்கமான வேகத்தில் புதிய நகரை நிறுவும் குடியேறியான செட்லரில் முதலாவதற்கு 80 உற்பத்தி, அடுத்ததற்கு 110. ஸ்டோன்ஹெஞ்சுக்கு 180. ஏறக்குறைய இரண்டு நகரங்களுக்கான செலவை நான் அந்த ஒரு கல்வட்டத்தில் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு 180க்குத் தொங்கு தோட்டம், அதற்கும் பிறகு 400 உற்பத்தி கேட்கும் பெரும் நூலகம். அந்த நூலகம் முடிய நான்கு சுற்றுகள் இருக்கும்போது வேறொரு நாடு அதைக் கட்டி முடித்துவிட்டது. நான் அப்படிக் காத்திருந்த காலத்தில்தான் தங்கை அந்த ஆற்றோரம் முழுவதும் மூன்று நகரங்களை நிறுவியிருந்தாள். அதிசயங்களை வெறுக்கச் சொல்லவில்லை. எனக்கும் அவை பிடிக்கும். ஆறாவது நகரை நிறுவிய பிறகு கட்டுங்கள்.

நகரை எங்கே நிறுவுவது என்பதில் அதிகம் தயங்க வேண்டாம். ஆற்றையோ ஏரியையோ ஒட்டியிருந்தால் 5 பேருக்கு வீட்டு வசதி கிடைக்கும், கடற்கரையில் 3, நீரில்லாத இடத்தில் 2. இரண்டு நகரங்களுக்கு இடையே மூன்று கட்டங்கள் விட்டால் போதும். புதியவர்கள் ஆறேழு கட்டங்கள் தள்ளித் தள்ளி வைத்து, நடுவில் கிடக்கும் நல்ல நிலத்தை அண்டை நாட்டுக்குத் தாரை வார்த்துவிடுகிறார்கள். நெருக்கி வையுங்கள். மலைத்தொடர் கண்ணில் பட்டால் அதன் மடியில் அறிவியலுக்கான டிஸ்ட்ரிக்டான கேம்பஸ் வரும்படி நகரை அமையுங்கள், ஏனென்றால் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மலைக்கும் 1 அறிவியல் கூடும். பண்பாட்டால் கண்டறியும் முன்னேற்றங்களில் எர்லி எம்பயர் என்ற குடிமையைக் கண்டறிந்ததும் காலனைசேஷன் கொள்கை அட்டை வரும். அதைப் பொருத்தினால் செட்லர் உருவாக்கத்தில் உற்பத்தி 50 சதவீதம் கூடும். நாட்டின் மொத்த மக்கள்தொகை 6ஐத் தொட்டால் அந்தக் குடிமை இன்னும் விரைவாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் எச்சரித்து விடுகிறேன். 2018இல் வந்த ரைஸ் அண்டு ஃபால் விரிவாக்கமோ அதற்குப் பிந்தையதோ உங்களிடம் இருந்தால், வேற்று நாட்டின் பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நகரை வைத்தால் அது விசுவாசம் குறைந்து கைவிட்டுப் போகும். உங்கள் நகரங்களை ஒட்டியே பரவிக்கொண்டு போங்கள்.

"செட்லரை அனுப்பினால் பார்பேரியன்கள் பிடித்துக்கொள்கிறார்களே" என்று நீங்கள் கேட்பீர்கள். என் மூன்று நகரச் சோம்பலுக்கு நான் சொல்லிக்கொண்ட காரணமும் அதுதான். எந்த நாட்டையும் சேராத கொள்ளைக் கூட்டமான பார்பேரியன்கள் திடீரென்று வருவதில்லை. முதலில் அவர்களுடைய ஒற்றன் ஒருவன் வருவான். உங்கள் நகரைப் பார்த்துவிட்டால் அவன் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தோன்றும். அவன் தன் முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்தால்தான் படை புறப்படும். என் தங்கையின் ஆட்டத்தில் 17ஆவது சுற்றில் அப்படி ஒருவன் தலைநகருக்கு வடக்கே காட்டோரமாக வந்து நின்றான். அவள் அதுவரை ஓர் ஓரத்தில் நிறுத்தியிருந்த வீரனை அவன் திரும்பிப் போகும் வழியில் குறுக்கே வைத்தாள். ஒற்றன் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அடுத்த இரண்டு சுற்றுகளில் வீரன் அவனைக் காயப்படுத்த, கடைசி அடியை வேண்டுமென்றே கல்லெறி வீரனான ஸ்லிங்கருக்கு விட்டுவைத்தாள். ஸ்லிங்கரால் ஓர் எதிரியைக் கொன்றால் வில்வித்தை ஆராய்ச்சியை விரைவாக்கும் யுரேகா என்ற ஊக்கம் கிடைக்கும். அடிப்படை ஆட்டத்தில் அது ஆராய்ச்சியில் பாதி, விரிவாக்கங்களில் 40 சதவீதம். அந்த ஒரு கல்லெறியில் அவளுடைய எல்லையில் அமைதியும் கிடைத்தது, வில்லாளிகளும் விரைவாக வந்தார்கள். நான் அந்த ஒற்றனைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன், பத்துச் சுற்றுகள் படையெடுப்பைச் சமாளித்தேன்.

இன்னும் சில பழக்கங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் தொழில்நுட்பங்களைக் கண்டறியக் கண்டறிய டிஸ்ட்ரிக்டின் விலை ஏறும். இடத்தைக் குறித்து வைத்துவிட்டால் விலை அங்கேயே நின்றுவிடும். ஆகவே அனுமதி கிடைத்த அன்றே இடத்தைப் போட்டுவிட்டு, பிறகு நிதானமாகக் கட்டலாம். ஒரே ஆடம்பரப் பொருள் இரண்டு இருந்தால் இரண்டாவதால் உங்களுக்குப் பயனில்லை. அதைக் கணினி நாட்டுக்கு விற்று, வரும் பொன்னில் நிலத்தை மேம்படுத்தும் பில்டர் வாங்குங்கள். இதை நான் நெடுநாள் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

இவ்வளவு நெடிய பதிலை எழுத இன்னொரு காரணமும் உண்டு. புதியவர் யாராவது உதவி கேட்டால், எந்த நாடு முதல் தரம், எந்த நாடு கடைத்தரம் என்று ஒரு தரவரிசையை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், மிகக் கடினமான டெய்ட்டி நிலையில் ஆடாதவன் பேசவே கூடாது என்கிறார்கள். டெய்ட்டியில் கணினி மூன்று செட்லர்களோடு தொடங்குகிறது. அந்த நிலையை வெல்பவர்களை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் இரண்டாவது செட்லரை எப்போது உருவாக்குவது என்று தெரியாமல் நிற்பவருக்கு அந்தப் பேச்சால் என்ன கிடைக்கும்? ஆட்டத்தை வாங்கிப் பத்து மணி நேரத்தில் விட்டுவிட்டுப் போன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர்கள் இன்றும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அண்டை நாட்டின் நகரங்களைப் பிடிப்பது செட்லர் உருவாக்குவதைவிட மலிவு என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் படை நடத்தத் தெரிந்தவருக்குத்தான் அது மலிவு. குறைந்த நகரங்களோடும் வெல்ல முடியும் என்பார்கள். முடியும், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்பவர்களால் முடியும். தீவுகள் நிறைந்த வரைபடத்தில் நான் சொன்ன எண்ணிக்கை ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரோமை எடுத்து, பிரின்ஸ் நிலையில், ஒரே பெரிய கண்டம் கொண்ட வரைபடத்தில் தொடங்குங்கள். முதல் சுற்றிலேயே தனிப்பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். வழக்கம்போல 100 சுற்றுகள் ஆடி, நகரங்களின் எண்ணிக்கை, மக்கள்தொகை, சுற்றுக்கான அறிவியல், பண்பாடு, பொன் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திறந்து மறுபடி முதலிலிருந்து ஆடுங்கள், இம்முறை 100ஆவது சுற்றுக்குள் ஏழு நகரங்கள் என்ற ஒரே குறிக்கோளோடு. நிலம் முன்பே தெரியும் என்பதால் இது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லக்கூடும். தவறிய கணக்கையே மறுபடி போட்டுப் பார்க்கும் மாணவனை யாரும் ஏமாற்றுக்காரன் என்பதில்லை. நிலம் மாறாமல் இருந்தால்தான் மாறியது உங்கள் முடிவுகள் மட்டுமே என்று உறுதியாகத் தெரியும். அந்த ரோம் கோப்பை நான் மூன்றாம் முறை ஆடியபோது 100ஆவது சுற்றில் 9 நகரங்கள் இருந்தன. 150ஆவது சுற்றில் அண்டை நாடுகள் எனக்குப் பின்னால் இருந்தன.

இரண்டு முறையும் ஆடி முடித்ததும் அந்த ஐந்து எண்களையும் இங்கே கருத்தில் எழுதுங்கள். எந்தச் சுற்றில் எந்த நகரை நிறுவினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், எங்கே காலம் போயிற்று என்று பார்த்துச் சொல்கிறேன்.