கவ்வாத்தும் மூளையும்

கேள்வி: மூளையிலுள்ள நோய் எதிர்ப்புக் கலங்களை அடியோடு அழித்தாலும் ஒன்றிரண்டு கிழமையில் திரும்ப முளைத்துவிடுமாமே, கவ்வாத்து வெட்டிய தேயிலை மாதிரி? டவுனில் ஒருவர் இதற்கென்றே 'மூளை சுத்திகரிப்பு'க் குளிசை விற்கிறார். மறதி பிடித்த எங்கள் அப்பாயிக்கு வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: வேண்டாம். விஷயம் பொய்யில்லை, ஆனால் நடந்தது எலியின் மூளையில்.

அந்தக் கலங்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். கருவிலேயே மூளைக்குள் குடியேறி, செத்ததைத் தின்று, கிருமி வந்தால் பாய்ந்து, அங்கேயே பெருகி வாழ்பவை. உயிரோடிருக்க அவற்றுக்கு ஒரு சமிக்ஞை ஓயாமல் கிடைக்க வேண்டும். கலிபோர்னியாவில் அதை அடைக்கும் மருந்தை எலித் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். மைக்ரோகிளியா அநேகமாகத் துடைத்தாற்போல் போய்விட்டது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி நிறைந்தது. இது 2014இல்.

எங்கிருந்து வந்தன? மூளைக்குள் இருக்கும் வேறு மூலக்கலங்களிலிருந்து என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். 2018இல் சீன ஆய்வாளர்கள் கலங்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத மிச்சம்தான் பிரிந்து பிரிந்து இடத்தை நிரப்பியிருந்தது. நாற்றுமேடைக் கன்று ஒன்றுகூட இல்லை, எல்லாம் பழைய கட்டையின் துளிர். உங்கள் கவ்வாத்து அதுவரை சரி, கெட்டிக்காரர்தான்.

அப்புறம்தான் கோளாறு. துளிர்ப்பது காவல் கலம். ஞாபகத்தைச் சுமப்பது நரம்புக் கலம். செத்த நரம்புக் கலம் இப்படித் திரும்பி வருவதில்லை. வயதான எலிகளில் மைக்ரோகிளியாவைப் புதுப்பித்தபோது ஞாபகம் சற்றுத் தேறியது என்பதும் மெய்தான். அப்பாயி எலியல்லவே.

எலிக்குக் கொடுத்த, சமிக்ஞையை அடைக்கும் அந்த வகை மருந்தொன்றை 2019இல் அமெரிக்கா அனுமதித்தது, மூட்டில் வரும் ஒருவகைக் கட்டிக்காக. ஈரலைக் கெடுக்கலாம் என்ற கடும் எச்சரிக்கையோடு. டவுன்காரரின் குளிசையில் அது இல்லையென்றால் காசு போச்சு, இருந்தால் ஈரல் போச்சு.

அந்தக் காசில் அப்பாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தைரொயிட் குறைந்தாலும் மறதி வரும், விற்றமின் பி12 குறைந்தாலும் வரும். இரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு. இப்போது அவர் போடுகிற குளிசைகளையெல்லாம் ஒரு பையில் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். சில தூக்கக் குளிசையும் சளிக் குளிசையும்கூட வயதானவர்களுக்கு மறதியைத் தரும்.